குடிலுக்கு விதைத்த புல்

ஆட்டைக் கொஞ்சம் அந்தப் பக்கம் இழுத்துப் பிடியுங்கள் தம்பி. என் முந்தானையை மெல்லுகிறது. இல்லை, கோபமில்லை. ஆடு மென்றால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. பால் கொடுக்கிறது, குட்டி போடுகிறது, கடைசியில் தன்னையே கொடுத்துவிடுகிறது. நான் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேனே, அது என்ன கொடுக்கிறது? முடி. வீடு முழுக்க முடி. சோற்றில் முடி, செபப் புத்தகத்தில் முடி.

பூனை தம்பி. ஆமாம், பூனைதான். உள்ளே டாக்டர் மேசையில் படுத்திருக்கிறது. முன்னங்காலைச் சிரைத்து, ஊசி குத்தி, குளுக்கோஸ் ஏற்றுகிறார்கள். எங்கள் வீட்டுக்காரர் கடைசியாகக் கிடந்தபோது தொங்கியதே, அதே பாட்டில், அதே குழாய். பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. அருவருப்பாக இருந்தது. வெளியே வந்து உட்கார்ந்துவிட்டேன்.

என் பூனை இல்லை. அதை முதலில் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மருமகளுடையது. மற்ற வீட்டில் மருமகள் வந்தால் கட்டில் வரும், பீரோ வரும். எங்கள் வீட்டுக்குப் பிரின்ஸி வந்தபோது ஒரு கூடை வந்தது. கூடையைத் திறந்தால் இது. வெளுத்த ஆரஞ்சு நிறம், தலை மட்டும் பெரிது. பெயரைக் கேளுங்கள்: லட்டு. ஞானஸ்நானம் கொடுத்த மாதிரி அவ்வளவு பெருமையாகச் சொன்னாள். நான் ஒரு நாளும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘டேய்’ என்பேன். வரும்.

உங்கள் ஆட்டுக்கு என்ன? வயிறு உப்பலா? அப்பா வளர்த்த ஆடா? நீங்கள் பேங்கில் வேலை பார்த்துக்கொண்டு ஆட்டையும் பார்க்கிறீர்களா? சரிதான். அப்பா போய்விட்டார், ஆடு நிற்கிறது. விற்க மனசில்லை. புரிகிறது. படித்தவர்கள்தான் இப்படியெல்லாம் மாட்டிக்கொள்வார்கள்.

எந்த ஊர்? நத்தமா? நல்லது. அப்படியானால் எங்கள் மாதா கோயில் பங்கு ஆட்கள் யாரையும் உங்களுக்குத் தெரியாது. நெற்றியில் திருநீறு இருக்கிறது, வேதக்காரரும் இல்லை. நிம்மதியாகப் பேசலாம். நாங்கள் கிறிஸ்துமஸுக்குக் குடில் வைப்போம், பார்த்திருப்பீர்கள். மாட்டுக்கொட்டகை, மாதா, சூசையப்பர், மாடு, கழுதை, இடையர்கள், எல்லாம் சுரூபங்கள், சின்னச் சின்னச் சிலைகள். நடுவில் வைக்கோல் தொட்டி காலியாக இருக்கும். இருபத்து நான்காம் தேதி ராத்திரிப் பூசை முடிந்த பிறகுதான் பாலனைக் கொண்டுவந்து அதில் படுக்கவைப்போம். கொட்டகையைச் சுற்றி மலை. சாக்கை மைதாப் பசையில் முக்கி விறைக்கவைத்து, கரித்தூள் பூசி, நம் பக்கத்துச் சிறுமலை மாதிரியே செய்வேன். மலைக்குக் கீழே புல்வெளி. புல் என்றால் நிஜப் புல். கேழ்வரகைத் தட்டில் விதைத்து முளைக்கவைப்பது. உங்கள் பக்கம் அம்மன் கோயிலுக்கு முளைப்பாரி போடுவார்களே, அந்த மாதிரி.

பங்கில் போட்டி உண்டு. வீடு வீடாக வந்து பார்த்து, எந்தக் குடில் சிறந்தது என்று சொல்வார்கள். புது வருடப் பூசையில் பெயர் வாசித்துப் பரிசு. பரிசு என்ன பெரிய பரிசு, ஒரு எவர்சில்வர் குடம், அதுவும் நெளியும். குடத்துக்காகவா செய்கிறோம்? பெயர் வாசிக்கும்போது எழுந்து நடந்து போக வேண்டும், எல்லாரும் பார்க்க. அதற்குத்தான். கான்வென்டில் தையல் டீச்சராக இருந்தவரைக்கும் யாரோ ஒருவர் என்னை டீச்சர் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஓய்வு பெற்ற பிறகு, வீட்டுக்காரரும் போன பிறகு, என் பெயரை முழுதாக உரக்கச் சொல்வது வருடத்தில் அந்த ஒரு நாள்தான். சலேத் மேரி. மைக்கில் கேட்க நன்றாக இருக்கும்.

போன வருடம் கிடைக்கவில்லை. பவுலின் டீச்சர் வாங்கினாள். எதிர்த் தெரு. மோட்டார் வைத்துத் தண்ணீர் ஓடவிட்டிருந்தாள். பெத்லகேமில் மோட்டார்! புல்லுக்குப் பதில் பச்சைப் பிளாஸ்டிக் பாய். பல் கிளினிக் வாசலில் போடுவார்களே, அது. அதற்கு முதல் பரிசு. நடுவர் எஸ்தாக்கி சாருக்குத் தண்ணீர் ஓடினால் போதும், எங்கே ஓடுகிறது என்று பார்க்கமாட்டார்.

அதனால் இந்த வருடம் விடக்கூடாது என்று இருந்தேன். டிசம்பர் பிறந்தது. பிரின்ஸி ஆரம்பித்தாள்.

போனைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தாள், கள்ளச் சாராயச் சோதனைக்கு வந்த போலீஸ் மாதிரி.

“அத்தை, ஜிகினா வேண்டாம். நூலை முழுங்கிட்டா குடல்ல சுத்திக்குமாம்.”

“யாரு முழுங்குவா? நானா?”

“லட்டு.”

சரி, ஜிகினா போயிற்று. அடுத்த நாள்: “அத்தை, சீரியல் லைட் ஒயரைக் கடிச்சா ஷாக் அடிக்கும்.” ஒயரையெல்லாம் பிளாஸ்டிக் குழாய்க்குள் விட்டாள். வீட்டுக்குள் சாக்கடைக் குழாய் போட்ட மாதிரி இருந்தது. அடுத்து கண்ணாடி உருண்டைகள். உடைந்தால் பாதத்தில் குத்துமாம். எங்கள் வீட்டுக்காரர் கொடைக்கானலிலிருந்து பஞ்சில் பொதிந்து வாங்கி வந்த உருண்டைகள் தம்பி. எல்லாம் பெட்டிக்குள் போயின. அதற்குப் பதில் கம்பளித் துணியில் உருண்டை தைத்துத் தொங்கவிட்டாள். தையலைப் பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததற்கே எனக்கு ஒரு குடம் கொடுக்கலாம். கிறிஸ்துமஸ் மரத்தை ஜன்னல் கம்பியோடு சேர்த்துக் கயிற்றால் கட்டினாள். பூனை ஏறினால் சாயக்கூடாதாம். மரம் தூக்குத் தண்டனைக் கைதி மாதிரி நிற்கிறது. பனிக்காக வைக்கிற பஞ்சு கூடாது. மெழுகுவத்தி கூடாது. பேட்டரி மெழுகுவத்தி வாங்கி வந்தாள். ஊதினால் அணையாது, தொட்டால் சுடாது, உருகவும் உருகாது. அதை வைத்துக்கொண்டு என்னவென்று செபிப்பது?

கடைசியில் கேட்டேவிட்டேன். “ஏம்மா, இந்த வீட்ல பொறக்கப்போறது பாலனா, பூனையா?”

என் மகன் ஜெரால்டு சோபாவில் இருந்தபடி, “அம்மா, விடுங்கம்மா, அதுவும் ஒரு உயிருதானே” என்றான். கல்யாணத்துக்கு முன்னால் அவனுக்கு விதவிதமாகப் பேசத் தெரியும். இப்போது ‘விடுங்கம்மா’தான். ஒரே பல்லவி.

எனக்கு மிஞ்சியது புல் ஒன்றுதான். அதற்கும் போனைத் தடவிப் பார்த்தாள். பார்த்துவிட்டு, “புல்லு பரவாயில்லை அத்தை. பூனைக்குப் புல்லு நல்லதாம், வயித்தைச் சுத்தம் பண்ணுமாம். லட்டு கடிச்சா விடுங்க” என்றாள். அனுமதி கொடுத்தாள்! எத்தனை வருடமாக நான் விதைக்கிற புல்லுக்கு நேற்று வந்தவள் அனுமதி கொடுக்கிறாள்.

சிரிக்காதீர்கள். சரி, சிரியுங்கள்.

இந்தப் பூனை இருக்கிறதே, அதற்கு வெட்கம் என்பது கிடையாது. நான் மலை செய்து முடித்து, கொட்டகை வைத்து, சுரூபங்களைத் துடைத்து நிறுத்திவிட்டு ஒரு வாய் காப்பி குடிக்கப் போனேன். வந்து பார்த்தால் மாட்டுக்கும் கழுதைக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. காலை மடித்து, கண்ணைப் பாதி மூடி, ஏதோ அழைப்பிதழ் கொடுத்து வரவழைத்த மாதிரி. ஒரு சுரூபத்தையும் சாய்க்கவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். சரியாக அந்த நேரம் பார்த்து பவுலின் வந்துவிட்டாள். கறிவேப்பிலை கேட்டு வந்தாளாம். கறிவேப்பிலை மரம் அவள் வீட்டில்தான் இருக்கிறது. வேவு பார்க்க வந்தவள்.

“சலேத்தக்கா, உங்க குடில்ல மாடு இருக்கு, கழுதை இருக்கு, சரி. பூனை எந்த வேதத்துல வருது?”

“எலி இருக்கிற கொட்டகையில பூனை இல்லாமலா இருந்திருக்கும் டீச்சர்? மோட்டார்தான் இருந்திருக்காது” என்றேன்.

பூனைக்காகப் பேசவில்லை தம்பி. பவுலினுக்கு ஒரு பதில் சொல்ல வேண்டாமா?

அவள் புல்லைப் பார்த்தாள். குனிந்து பார்த்தாள். அந்த முகத்தைப் பார்க்க நான் இன்னும் பத்துத் தட்டு விதைத்திருப்பேன். “எப்படிக்கா உங்களுக்கு மட்டும் இப்படி அடர்த்தியா வருது?” என்றாள். “எல்லாம் செபந்தான் டீச்சர்” என்றேன்.

ராத்திரியில் அது என் கட்டிலுக்குத்தான் வரும். எஜமானி பக்கத்து அறையில் இருக்கிறாள், கதவு திறந்திருக்கிறது, அங்கே போகாது. என் கால்மாட்டில் ஏறி, பாதத்தின் மேல் வயிற்றை வைத்துப் படுத்துக்கொள்ளும். மார்கழிக் குளிரில் என் கால் அதற்கு அடுப்பு. முதலில் உதறிக்கொண்டிருந்தேன். இப்போது உதறுவதில்லை. உதறினால் எனக்குத்தானே தூக்கம் கெடுகிறது. நெத்திலி ஆய்ந்தால் தலையை எடுத்து வைக்கிறேன், அதுவும் குப்பையில் போட்டால் நாறுமே என்றுதான். விடிந்ததும் ஜன்னலில் உட்கார்ந்து குளியல் தொடங்கும். நாக்கால்தான். முதுகு, வால், பாதம், விரலிடுக்கு ஒவ்வொன்றாக நக்கி நக்கி. நாள் முழுக்க அதுதான் வேலை. அவ்வளவு சுத்தமாம். வேலைவெட்டி இல்லாத பெரிய மனுஷன்.

இரண்டு ராத்திரியாக என் கட்டிலுக்கும் வரவில்லை. புல்தட்டைக் குடிலில் வைத்தேனா, அதில் போய்ப் படுத்துக்கொள்கிறது. லைட் சூடு மேலே, மெத்தை கீழே. என் காலைவிட அது வசதி. நன்றி கெட்ட ஜாதி என்று சும்மாவா சொல்கிறார்கள். புல் நசுங்குமே என்று தூக்கி வெளியே விட்டேன். திரும்பவும் போய்ப் படுத்தது. எழுந்த பிறகு புல்லைக் கையால் நீவி நிமிர்த்திவிட்டேன். நிமிர்ந்துகொண்டது. நல்ல புல்.

இன்று காலையில் அவர்கள் இரண்டு பேரும் துணி எடுக்க மதுரைக்குக் கிளம்பிப் போனார்கள். நான் மாவாட்டிவிட்டு வந்தேன். டேய் என்றேன், வரவில்லை. நெத்திலித் தலை வைத்தேன், வரவில்லை. அப்போதுதான் குடிலுக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம், தரையில் நகம் உரசுகிற மாதிரி. எட்டிப் பார்த்தேன். வாயெல்லாம் சோப்பு நுரை மாதிரி ஒழுகுகிறது. கால்கள் தனித்தனியாக உதறுகின்றன, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல். அதைப் பார்த்து ‘லட்டு’ என்றேன் போலிருக்கிறது. பதற்றத்தில் வாய்க்கு வந்தது.

கட்டிலில் கிடந்த துண்டை எடுத்துச் சுற்றினேன். கதவைப் பூட்டி, சாவியைக் கீழ் வீட்டில் கொடுத்துவிட்டு ஆட்டோ பிடித்தேன். இன்றைக்குத்தான் எஸ்தாக்கி சாரும் குழுவும் குடில் பார்க்க வருகிறார்கள், சாயங்காலத்துக்குள். வந்தால் திறந்து காட்டச் சொல்லியிருக்கிறேன். ஆனால் குடில் வைத்தவள் பக்கத்தில் நின்று விளக்கினால்தானே? இது சிறுமலை, இது ஓடை, இது இடையர் வழி என்று. அதை விட்டுவிட்டு இங்கே, கோழிக்கும் நாய்க்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு பூனைக்காக. என் பூனைகூட இல்லை.

பிரின்ஸிக்குப் போன் போட்டேன். துணிக்கடையிலேயே அழ ஆரம்பித்துவிட்டாள்.

“அத்தை, உண்மையச் சொல்லுங்க. ஜிகினா எதுவும் தொங்கவிட்டீங்களா?”

தொங்கவிட்டிருந்தேன். கொட்டகைக் கூரையில் ஒரே ஒரு சரம், தங்க நிறம். அவள் பார்வைக்குப் படாமல் ஓலைக்கு அடியில். குடில் என்றால் கொஞ்சமாவது மின்ன வேண்டாமா? ஆனால் அந்தச் சரம் அப்படியே இருக்கிறது தம்பி, கிளம்பும்போது பார்த்துவிட்டுத்தான் வந்தேன். ஒரு இழை குறையவில்லை. சொன்னால் நம்புகிறாளா? “முழுங்கியிருக்கு அத்தை, நிச்சயமா முழுங்கியிருக்கு, வயித்தை அறுத்துப் பாக்கச் சொல்லுங்க” என்கிறாள். போனில் படித்த டாக்டர்.

உள்ளே இருக்கிறாரே, இவர் நிஜ டாக்டர். இவரும் ஒன்றும் பெரிய ஆள் இல்லை. நேற்று முளைத்த மீசை. பூனையின் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

“அம்மா, கண்மணி ஊசிமுனை மாதிரி சுருங்கிப்போயிருக்கு. இது நூல் இல்லை. ஏதோ மருந்து உள்ள போயிருக்கு. வீட்ல எலி மருந்து வெச்சீங்களா?”

“இல்லை.”

“பூச்சி மருந்து? செடிக்கு அடிக்கிறது?”

“மாடி வீடு. செடியே கிடையாது.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா. என்ன மருந்துன்னு தெரிஞ்சா அதுக்கு நேரா ஊசி இருக்கு. தெரியாம கண்டதையும் போட முடியாது. ரொம்ப நேரமும் தாங்காது.”

எப்படி இருக்கிறது கேள்வி? எனக்கும் அந்தப் பூனைக்கும் ஆகாது என்பது தெருவுக்கே தெரியும். ஆட்டோக்காரனுக்குத் தெரியும். அதற்காக மருந்து வைத்துவிடுவேனா? அவர் வாயால் கேட்கவில்லை, ஆனால் கேட்டார். அந்தப் பார்வையை நான் பார்க்காததா? மாமியார் என்றால் எல்லாருக்கும் ஒரு முடிவு இருக்கிறது. “டாக்டர், எங்க வீட்ல விஷம் வெச்சுப் பழக்கமில்லை. எலியைக்கூடக் கூண்டு வெச்சுப் பிடிச்சு வெளிய விடுற குடும்பம்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இரண்டாவது முறையும் கம்பவுண்டரை அனுப்பிக் கேட்டார். அதே பதிலைத்தான் சொன்னேன். பதில் மாறுமா?

அவள் ஜிகினா என்கிறாள், இவர் மருந்து என்கிறார். நான் சொல்லட்டுமா? கண். கண் பட்டுவிட்டது. வேதக்காரர்கள் அப்படியெல்லாம் நம்பக்கூடாது, பங்குச் சாமியார் காதில் விழுந்தால் பிரசங்கத்தில் இழுப்பார். ஆனாலும் சொல்கிறேன், பவுலின் கண்தான். குனிந்து பார்த்தாளே அந்தப் புல்லை, அந்தக் கண். புல்லில் பட்ட கண் புல்லில் படுத்த பூனையைப் பிடித்துக்கொண்டது.

நீங்கள் அந்தப் புல்லைப் பார்க்க வேண்டும் தம்பி. பச்சைக் கம்பளி விரித்த மாதிரி, ஒரே உயரம், ஓர் இடத்தில் மணல் தெரியாது. இதோ பாருங்கள், போனில் படம். எப்படி?

உங்களுக்குச் சொன்னால் என்ன. நத்தத்துக்காரர், எங்கள் பங்குக்கு வரப்போவதில்லை. இதுவரை யாருக்கும் சொன்னதில்லை. மருமகளுக்குத் தெரியாது, மகனுக்குத் தெரியாது. சொன்னால் அது பவுலின் காதுக்குப் போய்விடும்.

கேழ்வரகை ஊறவைத்து, ஈரத்துணியில் முளைகட்டி, மணல் பரப்பி விதைப்பது எல்லாரும் செய்வதுதான். எல்லாருக்கும் திட்டுத்திட்டாக வரும், சொறி நாய் முதுகு மாதிரி. ஏன்? எறும்பு. விதைத்த ராத்திரியே வந்து தானியத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடும். பவுலின் முன்னெல்லாம் மஞ்சள் தூள் போட்டுப் பார்த்தாள். மஞ்சளுக்குப் பயந்த எறும்பெல்லாம் அந்தக் காலத்து எறும்பு. தோற்றுப்போய்த்தான் பிளாஸ்டிக் பாய்க்குப் போனாள். நான் என்ன செய்வேன் தெரியுமா? உரக்கடையில் ஒரு வெள்ளைப் பொடி விற்கிறான், காகிதத்தில் மடித்து. வயலுக்குத் தூவுவது. கொஞ்சம் நெடியடிக்கும். மணலில் ஒரு பிடி கலந்துவிடுவேன், விதைமேல் லேசாக ஒரு தூவல். அவ்வளவுதான். ஒரு தானியம் போகாது.

இந்த வருடம் கூடுதலாக ஒரு வேலை செய்தேன். மலைக்குப் பூசிய மைதாப் பசைக்கு எறும்பு சாரிசாரியாகக் கிளம்பிவிட்டது. மலையிலிருந்து இறங்கி நேராகப் புல்வெளிக்கு. விடுவேனா? முந்தாநாள் தட்டைக் குடிலில் வைத்ததுமே புல்லின் மேலேயே தூவினேன், தாராளமாக, கோலமாவு மாதிரி கையாலேயே. காலையில் பார்த்தால் ஓர் எறும்பு உயிரோடு இல்லை. சீப்பால் வழித்து எடுத்தேன் செத்ததை.

என்ன தம்பி, வாயைத் திறந்தபடியே பார்க்கிறீர்கள்? நன்றாக இருக்கிறதல்லவா யோசனை?

எங்கே எழுந்துவிட்டீர்கள்? உங்கள் முறை இன்னும் வரவில்லையே. அந்த நாய்க்காரர் இருக்கிறார், அதற்கப்புறம் கோழி. கயிற்றை என் கையில் கொடுத்தால் நான் என்ன செய்வேன்? தம்பி! பேச்சுக்கு நடுவில் எழுந்து போகிற பழக்கம் நல்ல பழக்கமா?

போய்விட்டார். கதவைத் தட்டக்கூட இல்லை, தள்ளிக்கொண்டு உள்ளே போகிறார். பேங்கில் இவரைப் பார்க்க நாம் எத்தனை நேரம் வரிசையில் நின்றிருப்போம்? இவருக்கு வரிசை கிடையாது. இந்தா, ஆடே, சும்மா இரு. உன் எஜமானுக்கு உன்மேல் அவ்வளவு பாசம் போலிருக்கிறது, பொறுக்க முடியவில்லை. கதை முடியும்வரை உட்காரக்கூட ஆளில்லாத உலகம். அங்கே என்ன ஓட்டம்? கம்பவுண்டர் அலமாரியைத் திறக்கிறான். கண்ணாடிக் குப்பியை உடைக்கிற சத்தம். என் பூனையை விட்டுவிட்டு யாருக்கு ஊசி எடுக்கிறார்கள்?

வந்துவிட்டீர்களா. பிடியுங்கள் உங்கள் கயிற்றை. ஆட்டுக்கு மருந்து வாங்கினீர்களா?

இல்லையா? பின்னே எதற்குப் போனீர்கள்?

புல் விஷயத்தையா? டாக்டரிடமா சொன்னீர்கள்? ஏன் தம்பி இப்படிச் செய்தீர்கள்? நம்பித்தானே சொன்னேன். டாக்டர் வீட்டம்மாவும் பவுலினும் ஒரே பாடகர் குழு. இன்றைக்கு ராத்திரி பாட்டுப் பயிற்சி. நாளைக்கு ஊருக்கே தெரிந்துவிடும். இந்தக் காலத்தில் ஒரு மனிதரிடம் ஒரு விஷயத்தைச் சொல்ல முடிகிறதா? நெற்றியில் பட்டை வேறு.

ஊசி போட்டாயிற்றா? பூனைக்கா? எந்த ஊசி?

அதற்கு நேரான ஊசியா.

கண்மணி கொஞ்சம் விரிகிறதா? அப்படியென்றால் பிழைத்துக்கொள்ளுமா? சாயங்காலம் வரைக்கும் பார்க்க வேண்டுமா. சரி. பார்ப்போம். உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு என்ன வேலை?

என்னப்பா கம்பவுண்டர், என் கையையே பார்க்கிறாய்? சோப்புப் போட்டுக் கழுவ வேண்டுமா? நான் என்ன இழவு வீட்டுக்கா போய் வந்தேன்? முழங்கை வரைக்குமா? துண்டையும் எரித்துவிட வேண்டுமா? நல்ல துண்டு அது.

அது எறும்புக்குத் தம்பி. உங்களிடம்தான் சொன்னேனே. எறும்புக்குத் தூவினது.

எறும்புக்கு.

இருங்கள், போன் அடிக்கிறது. பிரின்ஸியாகத்தான் இருக்கும். அவளிடம் என்ன சொல்வது? நீங்களே பேசிவிடுகிறீர்களா? இல்லை, எஸ்தாக்கி சார்.

“சொல்லுங்க சார்… ஆமா சார், சாவி கீழ் வீட்ல கொடுத்திருந்தேன்… நான் வெளிய வந்துட்டேன் சார், ஒரு அவசரம்… பரவாயில்லை, நீங்க பாருங்க… மலையா? சிறுமலை சார், ஆமா… அப்படியா? பவுலின் வீட்டை விடவா?”

எனக்குத்தானாம் தம்பி. முதல் பரிசு எனக்குத்தானாம். மற்ற வீட்டை இனிமேல் பார்க்கவே வேண்டாம் என்கிறார்.

“இருக்கேன் சார், சொல்லுங்க… புல்லா?… நிஜப் புல்தான் சார்… நம்ப முடியலையா?… யாரு? பாட்டுக் குழுப் பிள்ளைங்களும் வந்திருக்காங்களா?… என்ன பண்றாங்க?… தடவிப் பாக்குறாங்களா?

சார். கையை எடுக்கச் சொல்லுங்க.

இல்ல சார், கசங்கும்னு சொல்லலை. எல்லாரையும் தள்ளி நிக்கச் சொல்லுங்க. யாரும் வாயில கையை வைக்க வேண்டாம். இடது பக்கம் குளியலறை இருக்கு, சோப்பு இருக்கு, முழங்கை வரைக்கும் தேய்ச்சுக் கழுவச் சொல்லுங்க… சார், நான் விளையாடலை… மருந்து சார். புல்லுல பூச்சி மருந்து இருக்கு… யார் போட்டதா? நான்தான். நான்தான் சார் போட்டேன்…

பரிசு கிடக்கட்டும் சார். முதல்ல பிள்ளைங்க கையைக் கழுவுங்க.”